ஒரு வெள்ளி நோட்டும் ஒரு நாள் கூலியும்

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் கல்யாணத்துக்குப் போனால், மண்டப வாசலிலேயே ஒரு சின்னத் தேடல் நடக்கும். மொய் உறையில் வைக்க ஐம்பது வெள்ளி நோட்டு எல்லாரிடமும் இருக்கும். கூட வைக்க வேண்டிய அந்த ஒரு வெள்ளிதான் இருக்காது. மொட்டையாக 50 கொடுக்க நம் ஆட்களுக்கு மனம் வராது; 51, இல்லாவிட்டால் 101. "ஒரு வெள்ளி இருக்கா, ஒரு வெள்ளி இருக்கா" என்று செருப்பு விடும் இடத்தில் நின்று பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்படித் தேடிக்கொண்டிருந்தபோது என் பெரியப்பா கேட்டார்: "முன்ன நோட்டு இருந்துச்சு. அப்புறம் காசாக்குனாங்க, உறைக்குள்ள போட்டா ஒரு பக்கமா இழுக்கும். இப்ப மறுபடியும் நோட்டு. இத எதுக்கு மாத்திக்கிட்டே இருக்காங்க?" நல்ல கேள்வி. அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். அரசாங்கம் ரிங்கிட், சென் என்று சொல்வதை நாங்கள் வெள்ளி, காசு என்றே சொல்கிறோம். இரண்டு பெயருக்கும் வேர் ஒன்றுதான். ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் புழங்கியது ஸ்பானிய வெள்ளி நாணயம். அதன் ஓரம் அரம் போல வெட்டு வெட்டாக இருக்கும். அந்த வெட்டைப் பார்த்து மலாய்க்காரர்கள் 'ரிங்கிட்' என்றார்கள். உலோகத்தைப் பார்த்து நம்மவர்கள் 'வெள்ளி' என்றார்கள். 1975 வரை ஆங்கிலத்தில் அதற்கு டாலர் என்றுதான் பெயர். காசில் இருந்த வெள்ளி போய் எத்தனையோ காலமாகிவிட்டது, எங்கள் வாயில் இருக்கிற வெள்ளி இன்னும் போகவில்லை.

பணத்தை மாற்றுவது என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் மூன்று வேறு வேறு காரியங்கள் இருக்கின்றன. புதிதாக ஒரு மதிப்பில் நோட்டோ காசோ விடுவது, அல்லது இருப்பதை அச்சடிக்காமல் நிறுத்துவது ஒன்று. இருக்கிற நோட்டைச் செல்லாது என்று அறிவிப்பது இன்னொன்று. பணத்தின் அளவுகோலையே மாற்றுவது மூன்றாவது. துருக்கி 2005-இல் ஆறு சுழியங்களை வெட்டியது போல, இந்தோனேசியா 1965-இல் ஆயிரம் பழைய ரூப்பியாவை ஒரு புது ரூப்பியா ஆக்கியது போல. முதலாவது தொல்லை, அவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவதில்தான் ஏழையின் பெட்டி காலியாகக்கூடும். எந்த வகையாக இருந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பணத்தை ரொக்கமாக வைத்திருப்பவர் யார், அவருக்கும் வங்கிக்கும் எவ்வளவு தூரம், அவருக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள்?

ரப்பர்த் தோட்டத்து மக்களுக்கு இந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது என்பதற்கு 1967-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி எங்கள் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் சொந்த நோட்டுகளை வெளியிட்டது: 1, 5, 10, 50, 100 வெள்ளி. அதுவரை புழங்கியது மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நோட்டு. பழையது உடனே நிற்கவில்லை. இரண்டும் சரிக்குச் சரியாகக் கைமாறின; கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்கினார்.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் ஒன்று இருந்தது. பழைய நோட்டு பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டது. ஒரு வெள்ளி என்றால் 2 ஷில்லிங் 4 பென்ஸ். 1906-இலிருந்து அதே கணக்கு. ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 8 வெள்ளி 57 காசு. புது நோட்டும் அதே விகிதத்தில்தான் தொடங்கியது, ஆனால் அதன் மதிப்பு தங்கத்தில் குறிக்கப்பட்டிருந்தது. நவம்பர் 18, சனிக்கிழமை, லண்டனில் பவுண்டின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40-க்கு இறக்கினார்கள். பவுண்டோடு கட்டியிருந்த பழைய வெள்ளியும் கூடவே இறங்கியது. புது வெள்ளி இறங்கவில்லை. 2.40-ஐ 2.80-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.857 வரும். ஆகவே பழைய ஒரு வெள்ளி இனிமேல் 85 காசு என்று அறிவித்தார்கள்.

கணக்காகப் பார்த்தால் இதில் பிழை இல்லை. தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்தில் என்ன நடந்தது என்பதை என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாட்டி எங்கள் லயத்துக்குக் கூட்டுத் தலைவி; கூட்டு என்றால் மாதச் சீட்டு. பன்னிரண்டு வீடு, வீட்டுக்குப் பத்து வெள்ளி, மாதம் ஒருவருக்கு 120. அந்த மாதக் கூட்டுப் பணம் வசூலாகித் தகரப் பெட்டியில் இருந்தது. எடுக்க வேண்டியவருக்கு இன்னும் கொடுக்கவில்லை. எட்டுப் பேர் பழைய நோட்டில் கொடுத்திருந்தார்கள், நான்கு பேர் புது நோட்டில். அறிவிப்பு வந்ததும் பெட்டியில் இருந்த 120, 108 ஆகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு வெள்ளி யார் கணக்கில்? கொடுத்தவர்கள் பத்து வெள்ளிதான் கொடுத்தார்கள், அதில் பொய் இல்லை. எடுப்பவருக்கு 120 வர வேண்டும், அதிலும் பொய் இல்லை. பாட்டி தன் கையிலிருந்து போட்டு நிரப்பினார். எத்தனையோ நாள் பால்வெட்டுக் கூலி அது. "நான் என்ன தப்பு செஞ்சேன், ரெண்டு நாள் பெட்டியில வச்சிருந்தது தப்பா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

சேமிப்பை வங்கியில் வைத்தவர்களைவிட ரொக்கமாக வீட்டில் வைத்திருந்தவர்களுக்கே இது நேரடியாக இறங்கிய அடி. சிறு வியாபாரிகள், மீனவர்கள், தோட்டத் தொழிலாளிகள். பினாங்கில் தொழிலாளர் கட்சி நவம்பர் 24-ஆம் தேதி ஹர்த்தாலுக்கு, அதாவது கடையடைப்புக்கு, அழைத்தது. அது கலவரமாக மாறி, உயிர்கள் போய், ஊரடங்குச் சட்டம் வரை போனது. நோட்டு மாற்றம் என்பது வெறும் அச்சக விஷயம் என்று நினைப்பவர்கள் அந்த வாரத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

அதற்கு முன்பே எங்கள் பெரியவர்களுக்கு ஒரு காயம் இருந்தது. ஜப்பான்காரன் விட்ட வாழைமர நோட்டு. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்ததும் அது வெறும் காகிதமானது. கட்டுக் கட்டாக வைத்திருந்தவர்கள் அதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருட இடைவெளியில் இரண்டு முறை. தோட்டத்துப் பாட்டிகள் காசைத் தோடாகவும் சங்கிலியாகவும் மாற்றிக்கொண்டே இருந்ததை நகை ஆசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

சரி, பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். ஒரு மதிப்பு காசாக இருக்க வேண்டுமா, நோட்டாக இருக்க வேண்டுமா என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

1981-இல் பேய்ன், மார்கன் என்ற இருவர் பல நாடுகளின் பணத்தை ஒப்பிட்டுப் பார்த்து ஓர் எளிய ஒழுங்கைக் கண்டார்கள். ஒரு நாட்டின் சராசரி ஒரு நாள் கூலியை எடுத்துக்கொள். அதை 50-ஆல் வகுத்தால் ஒரு தொகை, 20-ஆல் வகுத்தால் ஒரு தொகை. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் காசு முடிந்து நோட்டு தொடங்கும். மிகப் பெரிய நோட்டு ஏறக்குறைய ஐந்து நாள் கூலி வரை போகலாம். இது சட்டமில்லை, பல நாடுகளில் நடைமுறை இப்படி அமைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பணத்தைக் கூலியால் அளப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், பெயர் விழுந்தால்தான் சோறு என்று வளர்ந்தவர்களுக்கு இதைவிடப் புரிகிற அளவுகோல் கிடையாது.

எங்கள் ஊர்க் கூலியை வைத்துப் போட்டுப் பார்த்தேன். மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது 2013-இல். தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 34 வெள்ளி 62 காசு. அதை 50-ஆல் வகுத்தால் 69 காசு, 20-ஆல் வகுத்தால் 1 வெள்ளி 73 காசு. ஒரு வெள்ளி அந்த எல்லைக்குள்ளேயே வருகிறது. நோட்டாகவும் இருக்கலாம், காசாகவும் இருக்கலாம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளியானது. வாரம் ஆறு நாள் வேலைக்கு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. இப்போது எல்லை 1 வெள்ளி 31 காசிலிருந்து 3 வெள்ளி 27 காசு வரை. ஒரு வெள்ளி எல்லைக்குக் கீழே விழுந்துவிட்டது. நான் எடுத்தது ஆகக் குறைந்த கூலி. நாட்டின் சராசரிச் சம்பளத்தை எடுத்தால் இன்னும் கீழே விழும்.

அதாவது இந்தக் கணக்குப்படி ஒரு வெள்ளி இன்று காசாக இருக்க வேண்டியது. காசாக இருந்ததும் உண்டு. 1989-இல் வந்த நாணயத் தொடரில் பொன் நிறத்தில் ஒரு வெள்ளிக் காசு இருந்தது. கள்ளக் காசு பெருகியதால் 2005 டிசம்பர் 7 முதல் அதைச் செல்லாததாக்கினார்கள். அதற்குள், 2000-இலேயே, நீல நிற ஒரு வெள்ளி நோட்டு வந்துவிட்டது. இப்போது புழங்குவது 2012 தொடரின் பிளாஸ்டிக் நோட்டு. ஆகவே பெரியப்பாவுக்குப் பதில் இதுதான்: கூலி ஏறுவது நோட்டைக் காசாக்கப் பார்க்கிறது; கள்ளக் காசு அதை நோட்டாகவே இருக்க வைக்கிறது. எங்களைச் சுற்றலில் விட வேண்டும் என்று யாரும் மாற்றவில்லை.

எந்தெந்த மதிப்பில் விடுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1, 2, 5 என்று போய், அதையே பத்தால் பெருக்கிக்கொண்டு போவது. அப்படி இருந்தால் எந்தத் தொகையையும் குறைந்த எண்ணிக்கையில் கொடுத்துவிடலாம். எங்கள் காசுகள் 5, 10, 20, 50 என்று அந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன. நோட்டில் மட்டும் ஓர் ஓட்டை: 2 வெள்ளி இல்லை. 1996-இல் ஊதா நிறத்தில் ஒன்று வந்தது, அப்புறம் அச்சடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் அது செல்லும், ஆனால் கையில் கிடைத்தால் யாரும் செலவழிப்பதில்லை, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறார்கள். 20 வெள்ளி நோட்டின் கதை இன்னும் விசித்திரம். 1982 தொடரில் இருந்தது, 1996 தொடரில் இல்லை, 2012-இல் கடல் ஆமைப் படத்தோடு திரும்பி வந்தது.

அந்த 20 வெள்ளி எங்களுக்கு உதவியதா? என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். தோட்டச் சம்பளம் இப்போது வங்கிக் கணக்கில் போகிறது. எடுப்பது டவுனுக்கு வந்து இயந்திரத்தில். வருவது பெரும்பாலும் ஐம்பது வெள்ளி நோட்டு. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வடை விற்கும் அக்காவிடம் மூன்று வெள்ளிக்கு வடை வாங்கி ஐம்பதை நீட்டினால் அவர் பாவம் என்ன செய்வார்? 47 வெள்ளி திருப்ப வேண்டும். 20 இல்லாவிட்டால் நான்கு பத்து, ஓர் ஐந்து, இரண்டு ஒன்று என்று ஏழு நோட்டு. 20 இருந்தால் இரண்டு இருபது, ஓர் ஐந்து, இரண்டு ஒன்று, ஐந்தே நோட்டு. 2 வெள்ளியும் இருந்தால் நான்கு. நாலு மணி நேரத்தில் இருநூறு பேருக்குச் சில்லறை கொடுக்கிறவருக்கு இது பெரிய உதவி. வங்கியில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கணக்கு தெரியாது, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றால் தெரியும்.

பத்து வெள்ளியைப் பற்றி எங்கள் ஊரில் பேசும்போது துன் சம்பந்தனை விட முடியாது. அவர் இந்த ஊர்க்காரர், நாட்டின் அமைச்சராக இருந்தவர். ஆங்கிலேயர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். தொழிலாளியால் ஒரே நோட்டாக எடுத்து நீட்டக்கூடிய தொகை அது. கொடுத்ததை நினைவு வைத்துக்கொள்ளவும் முடிந்தது, கேட்டு வாங்கவும் முடிந்தது. ஒரு மதிப்பு மக்கள் கையில் பழகிவிட்டால் அதை வைத்து என்னவெல்லாம் கட்டலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கீழ்முனைக்கு வந்தால், ஒரு காசு. 2008 ஏப்ரல் 1 முதல் மொத்த பில்லை ஐந்து காசுக்கு நெருக்கமாக்கும் முறை வந்தது. 1, 2-இல் முடிந்தால் சுழியத்துக்கு இறங்கும். 3, 4 என்றால் ஐந்துக்கு ஏறும். 6, 7 ஐந்துக்கு இறங்கும். 8, 9 பத்துக்கு ஏறும். நான்கு இறக்கம், நான்கு ஏற்றம், தொகையும் சமன். அட்டையில் கட்டினால் இது கிடையாது.

சமன் என்று கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விலையை எழுதுகிறவர் கடைக்காரர். ஒரு பொருள் 9 வெள்ளி 99 காசு என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வாங்கினால் 10 வெள்ளி. வாங்கியவருக்கு ஒரு காசு நட்டம். இரண்டு வாங்கினால் 19.98, அது 20 ஆகும். இரண்டு காசு நட்டம். மூன்று வாங்கினால் 29.97, அது 29.95 ஆகும், இரண்டு காசு லாபம். கார் வைத்திருப்பவர் மொத்தமாக வாங்குவார். சைக்கிளில் வருகிற தோட்டத்து அண்ணன் ஒன்றுதான் வாங்குவார். இதில் போவது ஒரு காசு, இரண்டு காசு. யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். இருந்தாலும் எந்த மாற்றத்திலும் அந்தக் கடைசிக் காசு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும் என்பேன். 'சில்லறை இல்லை' என்று மிட்டாய் கொடுக்கும் பழக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மிட்டாய் சில்லறை ஆகாது.

மேல்முனை வேறு கதை. 1997 நெருக்கடியில் வெள்ளியின் மதிப்பு சரிந்தது. 1998 செப்டம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டு, பணம் நாட்டைவிட்டு வெளியேறுவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பெரிய நோட்டு இருந்தால் ஒரு பையில் லட்சக்கணக்கில் கடத்திவிடலாம். ஆகவே 500, 1,000 வெள்ளி நோட்டுகள் 1999 ஜூலை 1 முதல் செல்லாமல் போயின. எங்கள் ஊரில் பலர் அந்த நோட்டை நேரில் பார்த்ததே இல்லை. தோட்டத்தில் ஓர் அலை கூட எழவில்லை, காரணம் எளிது: அது ஏழையின் கையில் இருந்த நோட்டு இல்லை.

இந்தியாவில் 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே 500 ரூபாய் என்பது கொத்தனாரும் காய்கறிக்காரரும் தினமும் தொட்ட நோட்டு. 500, 1,000 இரண்டும் சேர்ந்து புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம். அவற்றை ஒரே இரவில் செல்லாது என்றார்கள். கடைசியில் 99 சதவீதத்துக்கும் மேல் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டது. எங்களுக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு. பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் போய் வந்தவர்கள் அடுத்த பயணத்துக்கு ஆகும் என்று நாலைந்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை மிச்சம் வைத்திருந்தார்கள். வெளிநாட்டில் இருந்த இந்தியக் குடிமக்களுக்குப் பிறகு அவகாசம் கொடுத்தார்கள். நாங்கள் மலேசியக் குடிமக்கள். எங்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

பர்மாவில் இதைவிட மோசம். 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாததாக்கியபோது அங்கிருந்த தமிழர்களும் பணத்தை இழந்தார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஈடு எதுவும் தராமல் ஒழித்தார்கள். பதிலுக்கு வந்தவை 45-உம் 90-உம். இரண்டும் ஒன்பதால் வகுபடும் எண்கள். கூலியைப் பார்க்காமல், கல்லாப்பெட்டியைப் பார்க்காமல் எண் ராசியைப் பார்த்து நோட்டு அடித்த நாடு அது. மறு ஆண்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள்.

இனி எங்கள் ஒரு வெள்ளி. கூலிக் கணக்கு சொல்கிறபடி அது என்றாவது மறுபடியும் காசாகலாம். எனக்கு அதில் எதிர்ப்பு இல்லை. கள்ளக் காசு அடிக்க முடியாத உலோகத்தில் செய்ய வேண்டும், அது நிபுணர்கள் வேலை. நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்று. 2020-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரே கட்டணத்துக்கு 25 நாணயத்துக்கு மேல் கொடுத்தால் வாங்குகிறவர் மறுக்கலாம். இன்று முப்பது ஒரு வெள்ளி நோட்டுகளை எண்ணிக் கொடுத்தால் அது முழுப் பணம். நாளை அதே முப்பது வெள்ளி காசாக இருந்தால் மறுக்க இடம் உண்டு. வடை விற்ற அக்கா இரவு முழுக்கச் சேர்த்ததை மறுநாள் காலை மாவுக்கடையில் கொடுக்க வேண்டுமே. ஒரு வெள்ளியைக் காசாக்கும் அன்றே அந்த 25-ஐயும் உயர்த்தியாக வேண்டும்.

அடுத்தது அவகாசம். 2 வெள்ளி நோட்டுக்குச் செய்தார்களே, அச்சடிப்பதை நிறுத்தினார்கள், செல்லாது என்று சொல்லவில்லை. அதுதான் சரியான வழி. நீல நோட்டு கிழியும்வரை புழங்கட்டும், யாருக்கும் கடைசித் தேதி வேண்டாம். அப்படியும் தேதி வைத்தே தீர வேண்டும் என்றால், தோட்டத்துக்காரர்களை ஈப்போவுக்குப் பஸ் ஏற வைக்காதீர்கள். ஒரு நாள் ஈப்போ போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, 65 வெள்ளி 38 காசு. அவர் மாற்ற வந்த பணமே சில நேரம் அவ்வளவு இருக்காது. சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்தால் போதும். காலை பூசைக்கு வருகிற கூட்டத்திலேயே எங்கள் பக்கத்து மூன்று தோட்டமும் முடிந்துவிடும்.